முனி கலக்கிய ஆறு

மலாயாவில் பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆறு சிவந்து ஓடியதும் பூசாரி சன்னாசி வீட்டு வாசலில் குடங்களின் வரிசை நீண்டது. முனி கோபத்தில் ரத்தம் கக்குகிறது என்றான் அவன். காட்டுக் கொரில்லாக்களுக்குப் போய்ச் சேருமென்று, கம்பி வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி கொண்டுபோனாலும் சிறை என்ற அவசரகாலம் அது. சன்னாசி வீட்டுக்குள் போகும் சேவல்களை மட்டும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

குடத்துக்கு ஒரு சேவல். மந்திரம் சொல்லித் திருநீறு தூவிக் கலக்குவான். அரை மணியில் சேறு அடியில் படிந்துவிடும். முனிக்குத்தான் படையல், தின்னும் சிரமத்தை மட்டும் சன்னாசி ஏற்றுக்கொண்டான்.

பால்மரம் வெட்டும் மயிலம்மாளும் சேவல் கொடுத்தாள். தெளிந்த தண்ணீரைக் குடித்தும் மகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

"ஒனக்கு நம்பிக்கை பத்தலம்மா," என்றான் சன்னாசி.

அவள் திருநீற்றை நாக்கில் வைத்துப் பார்த்தாள். துவர்த்தது. சவர வெட்டில் தடவும் படிகாரம் அப்படித்தான் துவர்க்கும் என்றார் முடிவெட்டும் நல்லசாமி.

மறுநாள் முதல் மூன்று இடங்களில் மூன்று போத்தல் ஆற்றுநீர் பிடித்தாள். வேலிக் காவலாள் மோந்து பார்த்தான்.

"என்னா இது?"

"ஆத்துத் தண்ணிலா. குடிக்கிறீங்களா?"

அவன் குடிக்கவில்லை. புத்திசாலி.

பத்து நாளில் விஷயம் தெரிந்தது. மேட்டுத் தண்ணீர் மழையிலும் தெளிவு. சாலையோரச் சரிவுக்குக் கீழே பிடித்ததில் மூன்று விரல் சேறு. எதிரி பதுங்கக் கூடாதென்று அங்கே காட்டை மொட்டையடித்திருந்தார்கள். உரச்சாக்கு அலசும் துறைக்குக் கீழே பிடித்ததில் பாசி பச்சையாய்ப் பிடித்தது.

வெள்ளிக்கிழமை பூசையில் எல்லார் முன்னாலும் இரண்டு குடம் சேற்றுத் தண்ணீரை வைத்தாள்.

"சாமி, இது என் அடுப்புச் சாம்பல். மந்திரம் சொல்லிப் போடுங்க. நல்லசாமி அண்ணன் சும்மா படிகாரம் போடட்டும்."

"முனி சோதனைக்கு ஒத்துக்காது."

"சேவலுக்கு மட்டும் ஒத்துக்குதாலா?" என்று வரிசையில் நின்ற வள்ளியம்மா கேட்டாள். மூன்று சேவல் கொடுத்தவள் அவள்.

சன்னாசி வியர்க்க வியர்க்க மந்திரம் சொன்னான். அரை மணி கழித்தும் அவன் குடம் சேறாகவே இருந்தது. மந்திரமே தெரியாத நல்லசாமியின் குடத்தில் அடிப்பாகம் தெரிந்தது.

கூட்டம் போத்தல்களோடு ஆபீசுக்குப் போய் நின்றது. சாக்கு அலசும் துறை தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குக் கீழே மாறியது. சரிவில் புல் நட்டார்கள். மேட்டுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்த மகள் எழுந்து நடந்தாள்.

சன்னாசி இப்போது போர்டிக்சனில் இருக்கிறானாம். அங்கே ஒரு கிணறு உப்பாகிவிட்டதாம். போர்டிக்சன்காரர்களே, முதலில் பக்கத்தில் கடல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கும்பிடலாம்.