ஒருநாள் விட்டு ஒருநாள்

மதிவாணனின் சட்டைப்பையில் போன் அடித்தபோது, பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய அவன் மகள் குந்தவை மதகின் மேல் உட்கார்ந்து கொய்யாக்காய் தின்றுகொண்டிருந்தாள். கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. அதில் அவளுடைய நிழல் ஆடியது. அவன் அதைப் பார்த்தபடியே போனை எடுத்தான்.

"குந்தவை அப்பாங்களா? நான் ஷம்சாத் டீச்சர் பேசறேன். எப்படி இருக்கீங்க? இன்னைக்கு..."

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்? டீச்சர் சொல்ல வந்ததை முடிக்கும் முன்னே இவன் முந்திக்கொண்டான்.

"குந்தவை ஊர்ல இல்லீங்க டீச்சர். வேளாங்கண்ணி போயிருக்கா."

"அப்படிங்களா? என்ன விசேஷம்?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கில் சனி இருக்கும்போது யார் நிறுத்துவது?

"வேண்டுதலுங்க. மொட்டை."

அந்தப் பக்கம் டீச்சர் லேசாக இருமிக்கொண்டார். பிறகு, "சரிங்க. நீங்க தைரியமா இருங்க" என்று சொல்லி டீச்சர் போனை வைத்தார். மொட்டை மகளுக்கு, தைரியம் எனக்கு எதற்கு என்று அவனுக்கு விளங்கவில்லை.

குந்தவை கொய்யாவைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு ஜடையையும் முன்னால் இழுத்துப் பார்த்தாள்.

"அப்பா, நாளைக்கு நான் ஸ்கூலுக்குப் போகணுமே. இதை என்ன பண்றது?"

மதிவாணன் அந்த மதகின் லஸ்கர். ஷட்டரை ஏற்றுவதும் இறக்குவதும் அவன் வேலை. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துத்தான் விடுவார்கள். சில நாள் இந்த வாய்க்காலுக்கு, சில நாள் அடுத்த வாய்க்காலுக்கு. கொரோனா காலத்தில் அவனுக்கு நோய் கண்டபோது, வீட்டில் தொற்றிவிடக் கூடாது என்று மதகடிக் கொட்டகையிலேயே தனியாகக் கிடந்தான். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததால் குந்தவை தினமும் எதிர்க்கரைக்கு வந்து பூவரச மரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள். நாரை இப்படிச் சொன்னது, கெண்டை அப்படிச் சொன்னது என்று தண்ணீரைத் தாண்டிக் கேட்கும்படி கத்திக் கத்திக் கதை சொல்வாள். அவனைப் பிழைக்க வைத்தது மாத்திரை பாதி, அந்தக் குரல் பாதி. அதற்குப் பிறகு, பக்கத்தில் அவள் இல்லாத மதகு அவனுக்கு மதகாகவே தெரியவில்லை.

பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது, பாதிப் பிள்ளைகள் இன்று, மீதிப் பிள்ளைகள் நாளை என்று வைத்தார்கள். அடேயப்பா, பள்ளிக்கூடத்துக்கும் முறை வந்துவிட்டதே என்று மதிவாணன் குளிர்ந்துபோனான். ஆனால் இந்த ஜூனில் தினமும் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதை அவன் மனசு ஏற்கவே இல்லை.

"நெல்லுக்கே காய்ச்சலும் பாய்ச்சலும் வேணும் பாப்பா. தினமும் தண்ணி நின்னா வேர் அழுகிடும். புள்ளைங்களுக்கும் அப்படித்தான். ஒருநாள் படிப்பைப் பாய்ச்சணும், ஒருநாள் காயவிடணும்."

குந்தவை அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். பள்ளிக்குப் போகும் நாட்களில் அவனுக்கு ஏதாவது வேலை வைத்துவிட்டுத்தான் போவாள். "மீன்கொத்தி எத்தனை தடவை ஏமாந்துச்சுன்னு பாத்து வச்சுக்கப்பா. சாயங்காலம் சொல்லணும்." அவனும் சிரத்தையாகப் பார்த்து வைப்பான்.

மனைவி ஜெயபாரதிக்கு இதெல்லாம் தெரியாது. கும்பகோணத்து ஜவுளிக்கடையில் வேலை. விடிந்ததும் பஸ் ஏறினால் விளக்கு வைத்துத்தான் வருவாள். பெண்ணை அனுப்பும் பொறுப்பை அவனிடம் விட்டிருந்தாள். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான்.

இப்போது ஜடைக்கு வருவோம். மகளுக்கு மொட்டை போட அவனுக்கு மனசு வருமா? யோசித்து யோசித்து, மொட்டை அவளுக்கு இல்லை, எனக்குத்தான் என்று சொல்லிவிட முடிவு செய்தான். நேராக ரெத்தினத்தின் சலூனுக்குப் போனான்.

"வழிச்சிடுங்க."

ரெத்தினத்தின் கை நின்றுவிட்டது. "ஐயையோ! அப்பாவுக்கு எப்பங்க?"

"அதெல்லாம் இல்ல. வேண்டுதல்."

ரெத்தினம் நம்பவில்லை. துக்கத்தில் இருப்பவனிடம் தோண்டித் துருவக் கூடாது என்ற பெருந்தன்மையுடன் வழித்துவிட்டு, அடுத்து வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். மாலைக்குள் திருத்துறைப்பூண்டியிலிருந்து அப்பாவே போன் செய்துவிட்டார்.

"டேய், நான் செத்துட்டேனாமேடா? உங்க ஊர்லேருந்து மாலையோட ரெண்டு பேர் வந்து நிக்கிறாங்க. காப்பி குடுத்து உக்கார வச்சிருக்கேன்."

அவரைச் சமாதானம் செய்து முடிப்பதற்குள் ஜெயபாரதி வந்துவிட்டாள். மொட்டையைப் பார்த்ததும் கைப்பை நழுவியது.

"என்னங்க இது கோலம்?"

"குந்தவைக்காக நேர்ந்துக்கிட்டேன். தினமும் ஒழுங்கா ஸ்கூலுக்குப் போகணும்னு."

இதைச் சொல்லும்போது அவனுக்கே உள்ளுக்குள் கூசியது. ஜெயபாரதியோ கண்கலங்கி, அந்த மொட்டைக்குத் தன் கையாலேயே சந்தனம் பூசினாள். குந்தவை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு குலுங்கினாள்.

மறுநாள் சைக்கிளில் போகும்போது குந்தவை கேட்டாள். "அப்பா, கடல் எப்படி இருக்கும்? டீச்சர் கேப்பாங்களே."

மதிவாணன் சின்ன வயசில் எப்போதோ பார்த்தது. வெயில் இன்னும் வயலில் இறங்கவில்லை. நாற்றின் பச்சை அடிவானம் வரை அலையலையாகப் போனது. "இந்த வயல் பூரா தண்ணின்னு வச்சுக்க. வரும், போகும். வரும், போகும்" என்றான். சொல்லிவிட்டு அந்தப் பச்சைக்குள்ளேயே சைக்கிளை மிதித்தான்.

சாயங்காலம் அழைத்துவரப் போனால், பள்ளி வாசலில் பிள்ளைகள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். முன்னால் நின்றவள் ரிஃப்கா. மளிகைக்கடை முபாரக்கின் மகள், குந்தவைக்குப் பக்கத்து இடம்.

"அங்கிள், கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு லஸ்கர் இருக்காராமே? அவர் ஷட்டரை ஏத்தி இறக்குறதாலதான் அலை வருதாமே? குந்தவை பாத்தாளாம்!"

"நாங்களும் பாக்கணும் அங்கிள்!"

ஷம்சாத் டீச்சர் சிரித்தபடி வந்தார். மொட்டையைப் பார்த்தார், மகளின் ஜடையைப் பார்த்தார்.

"எல்லாரும் ஒரே பிடிவாதமா இருக்காங்க. வர்ற சனிக்கிழமை வேன் வச்சு வேளாங்கண்ணி கூட்டிட்டுப் போறதா இருக்கோம். வழி தெரிஞ்சவர் நீங்க, கூட வரணும். ஆமா, நல்லா சாப்பிடறீங்களா? தூக்கமெல்லாம் வருதா?"

டாக்டர் கேட்பதுபோல இவர் ஏன் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வந்தான். அன்று இரவு சாப்பாட்டில், அம்மா உள்ளே போன சமயம் பார்த்துக் குந்தவை, "இந்த வாரம் சேந்தாப்ல ரெண்டு நாள் போறேம்பா. நீ இருந்துப்பல்ல?" என்றாள். பிள்ளையை டீச்சர் மயக்கிவிட்டார் என்று நினைத்து அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். போதாக்குறைக்கு, வேளாங்கண்ணி என்றதும் ஜெயபாரதி கடையில் லீவு சொல்லிவிட்டாள். "பொறந்ததுலேருந்து குந்தவை கடலே பாத்ததில்ல. நானும் வர்றேன்."

சனிக்கிழமை வேனில் ஜெயபாரதிக்கும் டீச்சருக்கும் நடுவில் மதிவாணன் உட்கார்ந்துகொண்டான். இருவரும் பேசிக்கொள்ள வாய் திறக்கும்போதெல்லாம், "அதோ பாருங்க, கொக்கு" என்றான். வழியெல்லாம் வயல், வயலெல்லாம் கொக்கு. அந்த மட்டும் பிழைத்தான்.

மணலில் இறங்கியதும் பிள்ளைகள் ஓடினார்கள். குந்தவை மட்டும் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். வானமும் தண்ணீரும் ஒன்றாகி, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் வெள்ளையாகக் கிடந்தது. ஓர் அலை வந்து அவள் காலைத் தொட்டுவிட்டுப் போனது.

"அப்பா!" என்று ஊர் கேட்கக் கத்தினாள். "இதுதான் கடலா?"

டீச்சர் திரும்பினார்.

"முதல் தடவை பாக்கறால்ல, அதான்" என்றாள் ஜெயபாரதி பெருமையோடு.

மதிவாணன் மொட்டையைத் தடவிக்கொண்டான். அதில் இப்போதுதான் முள்முள்ளாக முடி கிளம்பியிருந்தது.

"இதுக்கு முறை இல்லையாப்பா? இப்படியே தினமும் வருமா?"

"தினமும்தான் வரும் பாப்பா."

"அழுகாதா?"

"அழுகாது" என்றான். அதைச் சொன்னதும் அவனுக்கு உள்ளே எதுவோ உடைந்துவிட்டது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"டீச்சர், நான் பொய் சொல்லிட்டேங்க. வேளாங்கண்ணியும் இல்ல, வேண்டுதலும் இல்ல. ஜெயா, நீயும் கேட்டுக்க. ஒருநாள் விட்டு ஒருநாள் நான்தான் இவளை நிறுத்தி வச்சுக்கிட்டேன். புள்ளைக்கு நல்லதுன்னு சொன்னதெல்லாம் சும்மா. இவ இல்லாத மதகுல என்னால இருக்க முடியல. இவ மேல ஒரு தப்பும் கிடையாதுங்க."

தான் சந்தனம் பூசிய மொட்டையை ஜெயபாரதி முறைத்தாள். டீச்சர் கோபப்படவில்லை. குந்தவையைப் பார்த்து, சொல்லட்டுமா என்று கேட்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். குந்தவை அவசர அவசரமாகக் குனிந்து கிளிஞ்சல் பொறுக்க ஆரம்பித்தாள்.

பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற ரிஃப்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"டீச்சருக்கு முதல்லயே தெரியும் அங்கிள்! 'எங்கப்பாவுக்கு நான் இல்லாம இருந்து பழக்கமில்ல, ஒரேடியா விட்டா வாடிடுவாரு, ஒரு மாசத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் லீவு குடுங்க டீச்சர், கொஞ்சங்கொஞ்சமா பழக்கிடறேன்'னு ஸ்கூல் தொறந்த அன்னைக்கே குந்தவை வந்து கேட்டுட்டாளே!"