லிஃப்டில் ஒரு வேர்தோண்டி

கிணறு தோண்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். குழி தோண்டுகிறவர்களோடு பழகியும் இருப்பீர்கள். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு: இங்கிலீஷ் வார்த்தைக்கு வேர் தோண்டுகிறவர்கள். 'ஜன்னலைத் திறங்க' என்றால் ஒழுங்காகத் திறந்துவிடுவார்கள். தவறிப்போய் 'விண்டோ' என்று சொல்லிவிட்டீர்களோ, அது 'காற்றின் கண்' என்ற பழஞ்சொல்லிலிருந்து கிளம்பி, கடல் தாண்டி, இங்கிலீஷுக்குள் வந்து சேருகிறவரை உங்களுக்குக் காற்று கிடையாது.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தையையும் பாடுபட்டுச் சம்பாதித்தவன். அதை ஒருவர் கண்ணெதிரே பிரித்துப் போட்டால் வயிறு எரியாதா? எங்கள் ஹெட்கிளார்க் தினமும் அதைத்தான் செய்கிறார்.

போன திங்கட்கிழமை அவர், டைப்பிஸ்ட் அக்கா, நான், மூவரும் ஏறிய லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. பதினோரு மணிக்கு ஐந்தாம் மாடியில் அக்காவுக்குப் பதவி உயர்வு இன்டர்வியூ. ஒன்பது வருஷம் காத்திருந்து வந்த அழைப்பு. மணி பத்து ஐம்பது.

"சார், அந்த அலாரத்தை அமுக்குங்க!" என்றார் அக்கா.

பொத்தானுக்கு ஓரங்குலம் முன்னால் ஹெட்கிளார்க்கின் விரல் நின்றது. "அலாரம்னா என்னன்னு நினைச்சே? இத்தாலிக்காரன் 'எடுடா ஆயுதத்தை'ன்னு கத்தினதும்மா அது!"

"கையில இருந்தா எடுத்திருப்பேன் சார். இன்டர்வியூ போயிடும், அமுக்குங்க!"

"இன்டர்வியூவா! பிரெஞ்சு. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கறது."

"நான் பெட்டிக்குள்ள கிடந்தா எப்படி சார் பார்த்துப்பாங்க?"

நானே அமுக்கினேன். மெக்கானிக் வந்தார். கதவை ஒன்றரை அடி நெம்பி, கம்பியை முட்டுக்கொடுத்தார். "இருங்க, மஸில் பிடிச்சுக்கிச்சு" என்று கையைத் தேய்த்தார். சும்மா தேய்த்திருக்கலாம்.

"மஸில்னா லத்தீன்ல சுண்டெலி" என்றார் ஹெட்கிளார்க்.

மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது. "சுண்டெலி சரி சார். ஆனா எதைப் பார்த்து வெச்சான்? தோளையா, புஜத்தையா?"

ஐயோ, இவரும் அதே இனம்! வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா அவர் தோள்மேல் கால்வைத்து இடுக்கில் நுழைந்து, முழங்கையெல்லாம் கிரீஸோடு ஓடினார். பின்னாலேயே அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு நான். மணி பதினொன்று இருபது.

"ஏம்மா லேட்?" என்றார் தேர்வுக்குழுத் தலைவர்.

"லிஃப்ட் சார்..."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "லிஃப்ட்! அந்தச் சொல்லு எங்கேர்ந்து வந்ததுன்னா..." பக்கத்திலிருந்தவர் மறுத்தார். மூன்றாமவர் இருவரையும் மறுத்தார். முக்கால் மணி நேரம். அக்கா வாயே திறக்கவில்லை. திறக்க யாரும் விடவில்லை. சாயங்காலம் உத்தரவு வந்தது: 'பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் அபூர்வத் திறன் உடையவர். பதவி உயர்வு அளிக்கப்படுகிறது.'

இதைப் படித்து 'அப்பாடா' என்றீர்களானால் நீங்கள் நல்லவர். 'அது சரி, தோளா, புஜமா?' என்று உள்ளே குறுகுறுக்கிறதா? கூச்சப்படாமல் வாருங்கள். அவர்கள் இரண்டு பேரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். லிஃப்டில் நாலு பேருக்கு இடமிருக்கிறது.