கதிர்காமநாதன் சேரின் தேத்தண்ணிக் கடை

கடைக்கு வருகிறவர்கள் ஒருவரும் வாங்குகளில் உட்காரவில்லை. கதிர்காமநாதன் சேருக்கு அதுதான் பெரிய கவலை.

முரசுமோட்டையில் நெடுங்காலமாகக் கணக்குப் படிப்பிப்பவர். மகள் மேனுகா மட்டக்களப்புக்குப் பல்கலைக்கழகம் போனதும் சம்பளம் மாத நடுவிலேயே கையை விரித்துவிட்டது. அதனால், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மனைவி ஞானேஸ்வரியோடு வீட்டு வாசலில் தேத்தண்ணிக் கடை போட்டார்.

வந்தவர்கள் எல்லோரும் அவரிடம் படித்தவர்கள். சேருக்கு முன்னால் உட்காருவதா? நின்றபடியே, நாக்குப் பொசுங்கப் பொசுங்கக் குடித்து, காசை வைத்துவிட்டு நழுவினார்கள். எதிரே ராஜரத்தினத்தின் கடையில் சனம் நெருக்கியடித்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசியது. பார்க்கப் பார்க்கச் சேருக்கு வயிறு எரிந்தது.

உழவு இயந்திரம் ஓட்டும் பிரதீபனை வற்புறுத்தி உட்காரவைத்தார். அவன் கையைக் கட்டிக்கொண்டான்.

"ஏன்டா குடிக்கேல்லை?"

"நீங்கள் நிக்கிறியள், சேர்."

சரியென்று சேர் குசினி அடுப்படிக்குள் மறைந்துகொண்டார். இரண்டு பேர் உட்கார்ந்து கதைக்கத் தொடங்கினார்கள். பாழாய்ப்போன இருமல் அந்நேரம் பார்த்தா சேருக்கு வரவேண்டும்? இருவரும் துள்ளி எழுந்தார்கள். ஒருவன் பற்றவைத்த பீடியைச் சட்டைப்பைக்குள் ஒளிக்க, பை கருகியது.

பத்திரிகை போட்டால் இருப்பார்கள் என்று போட்டார். ரூபன் என்றொரு பழைய மாணவன் அதை விரித்த நேரம், அந்தப் பக்கமாகப் போன சேர் பழக்கதோஷத்தில், "ம், வாசி" என்றுவிட்டார். அவன் எழுந்து உரக்க வாசித்தான். அடுத்தது தங்கள் முறையென்று மற்றவர்கள் பறந்துவிட்டார்கள்.

சேருக்கு மனம் விட்டுப்போயிற்று. தேயிலை மறுபடி முடிந்துவிட்டதென்று ஞானேஸ்வரி சொன்னது காதில் ஏறவில்லை. கடையை மூடிவிட்டு, வாங்குகளை ராஜரத்தினத்துக்கே விற்றுவிடலாமென்று எதிர்க்கடைக்கு நடந்தார்.

அவர் காலடி வைத்ததும் அந்தக் கடையே எழுந்து நின்றது. மடமடவென்று குடித்தார்கள், காசை வைத்தார்கள், போய்விட்டார்கள். அடுத்தவன் பிழைப்பையும் கெடுத்துவிட்டோமே என்று சேர் கூனிக்குறுகி நின்றார்.

ராஜரத்தினம் காலியான வாங்குகளை நம்பமுடியாமல் பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஒரு பிளேன்ரீயோட பொழுதுபடுமட்டும் இருக்கிறவங்கள், சேர். உங்கட கடையில ஒருத்தன் போக ஒருத்தன் வாறான். சம்பளம் தாறன், ஒவ்வொரு நாளும் கொஞ்சநேரம் இஞ்சயும் வந்து நிக்கிறியளோ?"