கைடு மாமாவும் நாலு மணி நிகழ்ச்சியும்

பிள்ளைகளே, பேய்ப் படம் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய உண்டு. டிவியில் 'தகவல் இல்லை' என்று வந்தால் கைகால் நடுங்குகிறவர் உலகத்திலேயே எங்கள் எதிர்வீட்டுக் கைடு மாமா ஒருவர்தான்.

எந்த நேரத்தில் என்ன நிகழ்ச்சி என்று டிவி கட்டம் கட்டமாகக் காட்டுமே, அதுதான் கைடு. மாமா ஒரு பழைய கம்ப்யூட்டரை டிவி சர்வராக்கி, எங்கள் வீட்டுக்கும் ஒரு ஒயர் இழுத்து விட்டிருந்தார். கைடில் ஒரு நிகழ்ச்சியைக் குறித்து வைத்தால், நேரம் வந்ததும் சர்வர் தானாகப் பதிவு செய்துவிடும். பெரிய சேனல்களின் பட்டியல் நெட்டிலிருந்து இறங்கிவிடும். எங்கள் மாமல்லபுரம் கேபிள் சேனலுக்கு யார் பட்டியல் போடுவார்கள்? கட்டம் முழுக்கத் 'தகவல் இல்லை'தான்.

மாமாவுக்கு அது தாங்கவில்லை. தினமும் காலையில் கேபிள் ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டு, தானே டைப் அடித்து ஏற்றினார். 'பழைய படம், கரண்ட் இருந்தால்.' 'மீன் விலை, போட் வந்தால்.' இப்படி.

முதல் வாரம் காலைப் பக்திப் பாட்டைக் கைடு மத்தியானத்தில் காட்டியது. "கேபிள்காரனுக்கு நேரமே தெரில மச்சான்!" என்று என்னிடம் சொல்லிவிட்டு, மாமா அவனோடு போனில் ஊரே கேட்கச் சண்டை போட்டார். பிறகு பார்த்தால் அவர் சர்வர்தான் வெளிநாட்டு நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதன்பின் சில நாள் குரலை மாற்றிக்கொண்டு போன் செய்தார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மகள் கயலின் பள்ளி ஆண்டு விழா. பேச்சு திக்குகிற பிள்ளை, மேடையேறித் தனியாகப் பேசினாள். அவள் அம்மாவுக்குச் சிறுசேரியில் ஷிப்டு, வர முடியவில்லை. நான் போனில் எடுத்த வீடியோவில் முன்வரிசைக்காரரின் பின்மண்டைதான் தெளிவாக இருந்தது. பள்ளியில் கேட்டால், "சனிக்கிழமை நாலு மணிக்குக் கேபிள்ல ஒரு தடவை போடுவாங்க, பாத்துக்குங்க" என்றார்கள். அன்றைக்கும் அவள் அம்மாவுக்கு ஷிப்டு. சர்வர் பிடித்தால்தான் உண்டு.

சனிக்கிழமை நாலு மணி. கைடில் 'பள்ளி ஆண்டு விழா'. டிவியில் சண்டைப் படம்! சர்வர் சிவப்புப் புள்ளி காட்டி, சண்டையை அக்கறையாகப் பதிவு செய்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் என் பக்கத்தில் நின்ற மாமாவின் சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது. போனை எடுத்துக் கேபிள்காரனைப் பிடித்தார்.

"இன்னா நைனா, கைடுல ஒண்ணு கீது, நீ ஒண்ணு ஓட்டிகினு கீற?"

"படம் முடியட்டும் அண்ணாத்த. அப்பால திருவிழா லைவ். ஸ்கூல் விழா கேன்சலு."

"கைடுல போட்டுட்டனேடா!"

"உன் கைட எவன் பாக்கறான்?"

"ரெண்டு வூடு பாக்குது!"

கயல் என் விரலை இறுக்கிப் பிடித்தாள். மாமா அவளைப் பார்த்தார். அடுத்த நிமிடம் ஒரு காலில் தன் செருப்பு, மறு காலில் என் செருப்போடு மொபெட்டில் பறந்தார்.

நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கைடில் போட்டபடி ஐந்து மணிக்குப் பதிவு நின்றுவிடும். வில்லன் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தான். திடீரென்று ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. திரை இருண்டது. கரண்டும் போச்சா என்று எழுந்தபோது, பள்ளி மேடை வந்தது. கயலும் வந்தாள். சிவப்புப் புள்ளி அணையவில்லை.

மாமா திரும்பி வந்ததும், "இன்னா பண்ணீங்க மச்சான்?" என்றேன்.

"அழுதுட்டேன் மச்சான். அவன் பயந்து மாத்திட்டான். படம் பாத்துகினு இருந்தவங்க திட்டுவாங்களோ?"

ராத்திரி கயலின் அம்மா வந்து, தோள் பையைக்கூட இறக்காமல் நின்றபடியே பதிவைப் பார்த்தாள். கயல் ஒரு சொல்லில் திக்கி நின்ற இடத்தில் அம்மாவின் உதடும் அசையாமல் காத்திருந்தது. சொல் வந்ததும்தான் மூச்சு விட்டாள்.

"சவுண்டு சரியா கீதாம்மா? நடுவுல நிக்கலையே?" என்று மாமா வாசலில் நின்று கேட்டார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தட்டு வைத்தாள். "உள்ள வந்து உக்காருங்கண்ணே."

பதற்றம் தணியாத மாமா, தயிர்ச் சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துவிட்டு விழித்தார். கயல் ரசக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, தன் தயிர்ச் சோற்றிலும் ஊற்றிக்கொண்டாள்.