கிரைண்டரில் ஆட்டிய கேக்

'தெரியாது' என்ற சொல் அந்த வயதில் என் வாயில் வரவே வராது. நீச்சல் தெரியுமா என்றால் தெரியும். கார் ஓட்டத் தெரியுமா என்றால் ஓ, நன்றாகவே தெரியும். யாரும் சோதித்துப் பார்க்காததால் பிழைப்பு தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணம் நிச்சயமாகி, நந்தினியோடு தினமும் போனில் பேசத் தொடங்கிய பிறகுதான் வினை வந்தது.

"உங்களுக்குச் சமைக்கத் தெரியுமாங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"தெரியுமே."

"எனக்கு அதொண்ணுதானுங்க முக்கியம். ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், அடுப்படியிலயும் ரெண்டு பேரும் நிக்கோணும். என்ன செய்வீங்க?"

ரசம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சபலம் யாரை விட்டது? "கேக் நல்லா செய்வேன்" என்றேன். (அதுவரை நான் அடுப்பில் வைத்தது பால் மட்டும். அதுவும் பொங்கி வழிந்துவிட்டது.)

"அப்படீங்களா? கூறைப்புடவை எடுக்க வர்ற அன்னிக்குத்தானுங்க என்ற பொறந்தநாள். நீங்களே செஞ்சு வெச்சிருங்க" என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்ட பிறகு பின்வாங்க மனம் வரவில்லை.

அந்த நாளும் வந்தது. நந்தினியும் அவள் அப்பாவும் அந்தியூரிலிருந்து காரில் மதியம் கோயமுத்தூர் கணபதியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து, எல்லோருமாகப் புடவைக் கடைக்குப் போவதாக ஏற்பாடு. அவள் அம்மா சொந்தக்காரர்களோடு நேரே கடைக்கு வந்துவிடுவார். எங்கள் அப்பாவும் அம்மாவும் காரமடையில் பத்திரிகை வைத்துவிட்டு வருவதாகச் சொல்லிக் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். வீட்டில் நான் மட்டும்.

போனில் ஓர் அம்மா கேக் செய்யும் வீடியோ பார்த்தேன். ஓவன் வேண்டாம், குக்கரில் உப்பைக் கொட்டிச் சூடாக்கினால் போதும் என்றார் அந்தம்மா. மாவை எவ்வளவு அடிக்கிறோமோ அவ்வளவு மெத்தென்று வரும் என்றும் சொல்லி, கையில் ஒரு சின்ன மெஷினை வைத்துக்கொண்டு அடித்தார். அந்த மெஷின் எங்கள் வீட்டில் இல்லை. கிரைண்டர் இருந்தது.

கோயமுத்தூரில் பிறந்தவனுக்குக் கிரைண்டர் மேல் இருக்கும் நம்பிக்கையை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். எங்கள் தெருவிலேயே மோட்டார் கட்டுகிறவர், கல் கொத்துகிறவர், பெல்ட் விற்கிறவர் எல்லோரும் உண்டு. அம்மாவின் இட்லி பஞ்சு மாதிரி இருப்பதற்குக் கிரைண்டர்தான் காரணம் என்றால், கேக்குக்கு மட்டும் அது துரோகம் செய்யுமா?

சிக்கல் ஒன்றுதான். எங்கள் வீட்டில் கறிக்கும் முட்டைக்கும் தனிச் சட்டி, தனிக் கரண்டி. கிரைண்டரில் அரிசி உளுந்தைத் தவிர ஒரு பூண்டுப் பல்கூட விழுந்ததில்லை. இது எனக்கு நன்றாகவே தெரியும். கழுவிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று துணிந்துவிட்டேன்.

வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மைதா எல்லாவற்றையும் போட்டு ஸ்விட்சைத் தட்டினேன். முதலில் அழகாக நுரைத்தது. உளுந்துக்கு அம்மா எவ்வளவு நேரம் விடுவாரோ அவ்வளவு நேரம் விட்டேன். நடுவில் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மாவு பசையாகிக் கல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பெல்ட் கருகும் வாசம் வேறு. அள்ளினால் புரோட்டா மாவு மாதிரி முழங்கை வரை கூடவே வந்தது. பிய்த்துப் பிய்த்துக் கிண்ணத்தில் போட்டுக் குக்கருக்குள் வைத்தேன்.

அப்போது மாமனாரிடமிருந்து போன். "மாப்பிள்ளை, அன்னூர் தாண்டிட்டோமுங்க. நந்தினி அம்மணிக்குக் காலையிலிருந்தே ஒரே அவசரமுங்க."

கிரைண்டரைச் சீக்கிரம் கழுவ வேண்டுமே என்று தண்ணீரைக் கொதிக்க வைத்து அப்படியே ஊற்றினேன். கல்லின் கொத்துக்குள் இருந்த முட்டை அங்கேயே வெந்தது. இனி அதைச் சுரண்டி எடுக்க உளிதான் வேண்டும்.

வந்தார்கள். கேக்கும் ஒருவழியாக வெந்திருந்தது. கத்தி இறங்காததால் அரிவாள்மனையில் வைத்து நறுக்கித் தட்டில் கொண்டுபோனேன். மாமனார் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"நல்லாருக்குதுங்க மாப்பிள்ளை" என்றார். அந்த ஊர்க்காரர் விருந்துக்குப் போன இடத்தில் வேறு எதுவும் சொல்லமாட்டார். கொஞ்சம் கழித்து, "நல்ல கெட்டிங்க. நாள்பட வெச்சுத் திங்கலாமுங்க" என்றார்.

"இன்னொரு துண்டு எடுத்துக்குங்க மாமா."

"வவுறு நெறஞ்சுபோச்சுங்க" என்றார், முதல் துண்டையே இன்னும் விழுங்காமல்.

நந்தினி ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே ஓடினேன். அவள் கிரைண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"இதுலயா ஆட்டுனீங்க? முட்டையப் போட்டு?"

"ஆமாங்க."

"உங்களுக்குக் கேக் செய்யத் தெரியுமா, தெரியாதாங்க?"

அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. இவன் இன்னும் என்னென்ன புளுகியிருக்கிறானோ என்று யோசிக்கிறாள் என்பது புரிந்தது. கல்யாணமே கைவிட்டுப் போய்விடுமோ என்று உண்மையாகவே பயந்துவிட்டேன்.

"தெரியாதுங்க" என்றேன். முதல் 'தெரியாது' வெளியே வந்ததும் மற்றவையும் வரிசையாக வந்துவிட்டன. "சமையலே தெரியாதுங்க. நீச்சலும் தெரியாது. காரும் ஓட்டத் தெரியாது."

"நீச்சலை யாருங்க கேட்டா?" என்றவள் அதற்கு மேல் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு, "அந்த பிரஷ்ஷைக் குடுங்க" என்றாள். அந்த நிமிஷம் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல வார்த்தை இல்லை.

நிம்மதி நிலைப்பதற்குள் அம்மா வந்துவிட்டார். பாசமாக இருந்தால் என்னைக் கண்ணு என்பார், கோபம் என்றால் எருமை என்பார். கிரைண்டரைப் பார்த்தார். கூடத்தில் சம்பந்தி இருந்ததால் குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க சாமி, இதென்னங்க பண்ணிப்போட்டீங்க?" என்றார். அம்மா எனக்கு இத்தனை மரியாதை கொடுத்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஒடுங்கிப்போய்விட்டேன்.

"நாந்தானுங்க அத்தை கேக் வேணும்னு கேட்டேன்" என்று நந்தினி முன்னால் வந்தாள். வரப்போகும் மருமகளை எப்படித் திட்டுவது? ஆனாலும் அம்மா தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "சரி கண்ணு. ஆனா இந்தக் கிரைண்டர் இனி என்ற ஊட்டுக்கு ஆகாது."

கூடத்திலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "அதுக்கென்னுங்க சம்பந்தி. சீர்ல வர்ற புதுசை நீங்க வெச்சுக்குங்க. இது மாப்பிள்ளையோட போகட்டுமுங்க."

அப்படியேதான் நடந்தது. பெண்வீட்டுச் சீராகக் கிரைண்டர் வருவது எங்கள் பக்கத்து வழக்கம். நாங்கள் தனிக்குடித்தனம் போனபோது டெம்போவில் கிரைண்டரை அணைத்துப் பிடித்தபடி போய் இறங்கிய மாப்பிள்ளை நான் ஒருவன்தான். இன்றுவரை எங்கள் வீட்டில் மாவாட்டுவது என் வேலை. இட்லி சுமாராக வருகிறது.

போன மாதம் நந்தினியின் சித்தப்பா மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். கட்டில், பீரோ என்று சீர்ப் பேச்சு போய்க்கொண்டிருந்தபோது யாரோ கிரைண்டரைப் பற்றி எடுத்தார்கள். மாமனார் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"கொஞ்சம் பொறுங்க. பையனுக்குக் கேக் செய்யத் தெரியுமான்னு முதல்ல கேட்டுப்போடுங்க. தெரியும்னு சொன்னாருன்னா, கிரைண்டரை அவரே கொண்டாந்துருவாருங்க."