தெரிஞ்ச பையனுக்கு ஒரு லேப்டாப்பு

"இன்னிக்கோ நாளைக்கோ ஆள் வருவாங்க. யாருன்னு கேக்காத. கேட்டாலும் சொல்ல மாட்டாங்க" என்றார் போனில், வரன் கொண்டுவந்திருந்த மாதா கோயில் உபதேசியார் சகாயம்.

"எதுக்கு வராங்க?" என்றான் வளன்.

"எதுக்கா? உன்னப் பத்தி விசாரிக்கத்தான். திட்டக்குடி பக்கம், நல்ல குடும்பம். சும்மா பொண்ணத் தூக்கிக் குடுத்துடுவாங்களா? சாமான் வாங்குற மாதிரி கடைக்கு வந்து பேச்சுக் குடுப்பாங்க. அந்தக் கேமு கீமு எதையும் கண்ணுல காட்டிடாத."

உபதேசியார் இப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. வளனுக்கு இதற்கு முன் வந்த வரன்கள் விசாரிப்போடு நின்றுபோயின. விசாரிக்க வந்தவர்கள், "பையன் கடையில உக்காந்து எந்நேரமும் யாரையாவது சுட்டுக்கிட்டே இருக்கான்" என்று ஊருக்குப் போய்ச் சொல்லிவிட்டார்கள்.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் வளனுக்குக் கம்ப்யூட்டர் விற்பனை, பழுது பார்க்கும் கடை. சுற்றியிருக்கும் பீங்கான் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவனிடம்தான் வரும். மூடியைக் கழற்றினால் மாவு மாதிரி மண் தூசி கொட்டும். தட்டி, ஊதி, ஓடவைத்துக் கொடுப்பான். வேலை இல்லாத நேரத்தில் கேம் ஆடுவான். பழைய பாகங்களைக் கோத்து அவனே செய்துகொண்ட மிஷின் அவனுடையது. தனி கிராபிக்ஸ் கார்டு வைத்த லேப்டாப் ஒன்று சொந்தமாக வேண்டும் என்பது அவன் நெடுநாள் ஏக்கம். விலையைப் பார்த்து ஏக்கத்தோடு நிறுத்திக்கொள்வான்.

இப்போது அதைவிடப் பெரிய ஏக்கம் ஒன்று மேசை இழுப்பறையில் இருந்தது. திட்டக்குடிப் பெண் லிசாவின் போட்டோ. ஸ்குரூ டிரைவர் எடுக்கும் சாக்கில் அடிக்கடி இழுப்பறையைத் திறந்தான். இந்தப் பெண்ணும் கைவிட்டுப் போனால் தாங்க முடியாது என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அன்று மதியமே ஆள் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, கழுத்துச் செயினில் சிலுவை. காலரில் ஒரு வைக்கோல் துணுக்கு.

"தம்பி, கேம் ஆடுறதுக்கு நல்ல லேப்டாப்பா ஒண்ணு வேணும்" என்றார்.

வளன் இழுப்பறையைச் சாத்தினான். வந்ததும் வராததுமாகப் பொறி வைக்கிறாரே!

"யாருக்குங்கய்யா?"

"எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன். கேமுன்னா சோறு தண்ணி வேணாமாம் அவனுக்கு."

"அதெல்லாம் நமக்குத் தெரியாதுங்கய்யா. நம்ம கடையில எல்லாம் ஆபீஸ் வேலைக்குத்தான்."

பெரியவர் அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "பின்னால துப்பாக்கியோட நிக்கிறது யாரு தம்பி?"

பாதியில் நிறுத்திவைத்த கேம், திரையில் அப்படியே இருந்தது. வளன் பதறிப்போய் அதை மூடப் பார்த்தான். பதற்றத்தில் விரல் வேறு பட்டனில் விழுந்தது. சிப்பாய் உயிர் பெற்று, கண்ணில் பட்டவர்களை எல்லாம் சுட ஆரம்பித்தான். கடை அதிர்ந்தது.

வளன் பாய்ந்து சுவரிலிருந்த பீங்கான் பியூஸைப் பிடுங்கினான். விளக்கும் மின்விசிறியும் நின்றன. சிப்பாய் நிற்கவில்லை. ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போய்விடக் கூடாது என்று ஸ்பீக்கர் முதற்கொண்டு எல்லாவற்றையும் யு.பி.எஸ்.ஸில் கோத்து வைத்தவன் வளன்தான். அரையிருட்டுக்குள் குண்டுச் சத்தமும் யு.பி.எஸ்.ஸின் கீச்சுச் சத்தமும் சேர்ந்து கேட்டன.

"கரண்ட் போயிருச்சுங்கய்யா" என்றான், கையில் பியூஸோடு.

"பக்கத்து டீக்கடையில ஃபேன் ஓடுதே?"

"அது வேற லைனுங்கய்யா."

"இது மட்டும் சுட்டுக்கிட்டே இருக்குது?"

"கஸ்டமர் மிஷினுங்கய்யா. தானா சுடுது. அதுதான் கம்ப்ளெயின்ட்டே."

ஒருவழியாக யு.பி.எஸ்.ஸையும் அணைத்தான். பெரியவர் துண்டால் விசிறிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். எழுந்து போகிற மாதிரி தெரியவில்லை.

"சரி தம்பி, ஒரு சந்தேகம் மட்டும் தீத்து வையி. பிராசஸரப் பெருசா எடுத்துட்டா கிராபிக்ஸ் கார்டே தேவையில்லன்னு எங்கூர்ல ஒருத்தர் சொன்னாரு. நெசந்தானா?"

வளன் பல்லைக் கடித்தான். எந்தப் பொய்யையும் அவனால் சொல்ல முடியும். இந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க மட்டும் முடியாது.

"எந்த மடையன் சொன்னான்?" என்று வெடித்தான். "கேமுக்குக் கார்டுதாங்கய்யா உசுரு. பிராசஸரு கோர் டூ டுவோவுல நடுத்தரமா ஒண்ணு இருந்தாப் போதும். அதுக்கு மேல போடுற காசக் கார்டுல போடணும். கார்டுக்குன்னு தனி மெமரி இருக்கணும். தனிக் கார்டு இல்லாம ஆன்போர்டுல ஆடுனா படம் விக்கி விக்கி வரும். வூட்டுக் கம்ப்யூட்டருன்னா பின்னால கார்டு மாத்திக்கலாம், லேப்டாப்புல அது நடக்காது. வாங்கும்போதே பாத்து வாங்கணும். நானா இருந்தா கண்ண மூடிக்கிட்டு…"

கண்ணைத் திறந்து பார்த்தான். பெரியவர் முகம் மலர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பிக்கு இம்புட்டு தெரியுதே! நீயா இருந்தா எத எடுப்ப? சொல்லு சொல்லு."

உளறிவிட்டது வளனுக்குப் புரிந்தது. நல்லவேளை, சமாளிக்க வாய் மிச்சமிருந்தது.

"…அப்படின்னு உருப்படாத பசங்க இங்க வந்து பேசிக்குவாங்கய்யா. காதுல விழும். நான் அந்தப் பக்கமே போறதில்ல."

"போறதே இல்லியா?" பெரியவர் குரல் இறங்கிப்போனது.

"சத்தியமா இல்லீங்கய்யா. கேம் ஆடுறவனக் கண்டாலே எனக்கு ஆவாது."

பெரியவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப கார்டு இல்லாத சாதா லேப்டாப்பு வாங்கிக் குடுத்தா?"

"லேப்டாப்பே வேணாங்கய்யா. ரொம்ப சூடாகும். கல்யாணம் ஆவப்போற பசங்க மடியில வச்சிக்கக் கூடாது. குழந்த குட்டிக்கு ஆவாதுன்னு பேப்பர்லயே போட்டிருந்தாங்க."

"மாதாவே!" என்று பெரியவர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "நல்லவேளை சொன்ன. அப்ப வயசுப் பையனுக்கு, அவன் மனசு குளிர்ற மாதிரி என்னதான் குடுக்கிறது? நீயே சொல்லு தம்பி."

இது கடைசிப் பரீட்சை என்று வளனுக்குத் தோன்றியது. பெரியவரின் காலரைப் பார்த்தான். வைக்கோல் துணுக்கு அங்கேயே இருந்தது.

"என்னக் கேட்டா, ஒரு கறவ மாடுங்கய்யா" என்றான்.

பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாடா? தம்பிக்கு மாடு புடிக்குமா?"

"உசுருங்கய்யா. இந்தக் கடையெல்லாம் என்ன கட? மாடு கன்னுன்னு இருக்கிறதுதான் வாழ்க்க. விடிகாலம் எழுந்திரிச்சு, ஜெபம் சொல்லிட்டு, சாணி அள்ளுறதுல உள்ள நிம்மதி எதுல இருக்குது?"

வளன் குடியிருந்தது மாடியில் ஓர் ஒற்றை அறை. மாடுகளை அவன் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

"பால் கறக்கத் தெரியுமா?"

"கத்துக்கணும்னு ரொம்ப நாளா ஆசைங்கய்யா. ஒரு மாடு அமையட்டும்னு இருக்கேன்."

பெரியவரின் கண் கலங்கிவிட்டது. எழுந்து அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா! நான் என்னமோ நெனச்சு வந்தேன் தம்பி. நல்லவேளை, உன்னையே கேட்டேன். போயிட்டு வரேன்."

அவர் தெருவில் இறங்கியதும் வளன் பியூஸை மாட்டினான். விளக்கு எரிந்தது. இழுப்பறையைத் திறந்து லிசாவிடம், "முடிஞ்சிருச்சு" என்றான். சிப்பாயை எழுப்பி, விட்ட இடத்திலிருந்து சுட ஆரம்பித்தான். இவ்வளவு சந்தோஷமாக அவன் யாரையும் சுட்டதில்லை.

பக்கத்து டீக்கடைக் கண்ணம்மாள் டம்ளரோடு வந்தாள்.

"என்ன வளனு, அந்த மனுசன் வாயெல்லாம் பல்லாப் போறாரு?"

"பொண்ணு வூட்டு ஆளுக்கா. விசாரிக்க வந்தாரு. கேமுன்னா என்னன்னே தெரியாதுன்னு அடிச்சு விட்டுட்டேன். அப்படியே நம்பிட்டாரு."

கண்ணம்மாள் டம்ளரை வைத்துவிட்டு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"விசாரிக்கவா? அதான் முந்தாநாளே எங்கிட்ட விசாரிச்சு, எல்லாம் சரின்னு முடிவு பண்ணிட்டாரே. குடி கிடையாது, ஊர் சுத்தல் கிடையாது, கேம் ஆடிக்கிட்டு கடையிலயே கிடப்பான்னு நான்தான் சொன்னேன். அதுக்கென்ன, வூடு தங்குற பிள்ளைன்னு சிரிச்சாரு."

வளன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். "அப்புறம் இன்னிக்கு எதுக்கு வந்தாரு?"

"நிச்சயத்துல மாப்பிள்ளைக்குக் குடுக்க எந்த லேப்டாப்பு வாங்கலாம்னு உன் வாயாலயே தெரிஞ்சிக்க வந்தாரு உன் மாமனாரு. இப்ப என்னடான்னா, மாட்டுச் சந்தை என்னிக்குக் கூடும்னு கேட்டுட்டுப் போறாரு."