ஓடும் முன்னே நொண்டுகிறவர்

ஓட்டக்காரர்களில் வேகமாக ஓடுகிறவர், மெதுவாக ஓடுகிறவர் என்று இரண்டே வகைதான் என்று நீங்கள் நினைத்திருந்தால், ரொறன்ரோவில் ஒரு தமிழ் ஓட்டக் கழகத்தைக் கிட்ட நின்று பார்த்ததில்லை என்று அர்த்தம். மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. ஓடுவதற்கு முன்னமே நொண்டுகிறவர். இவருக்குக் காலில் ஒரு குறையும் இல்லை. சாக்குச் சொல்ல ஒரு சாட்டு இல்லாமல் தொடக்கக் கோட்டுக்குப் போகக் கூச்சம், அவ்வளவுதான்; கலியாண வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூசுகிற மாதிரி.

சாட்டுக்கும் சட்டதிட்டம் உண்டு. ஓட்டத்துக்கு முன்னால் சொன்னால்தான் சாட்டு. பின்னால் சொன்னால் புலம்பல். யாரும் சோதித்துப் பார்க்க முடியாத இடத்தில் நோக வேண்டும். தோற்றால் "பாவம், அந்தக் காலோடை ஓடினவர்" என்பார்கள். வென்றால் "அந்தக் காலோடையே!" என்பார்கள். இந்த வசதியை விட்டுவிட்டு யாராவது உண்மையைச் சொல்வார்களா?

ஸ்ரீஸ்கந்தராசாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பத்தெட்டு வயது, வீடு ஸ்காபறோவில், வேலை பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில். கழகத்தின் பனிக்காலக் காட்டோட்டப் போட்டியில், ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில், ஆறு வருடமாக அன்புராசாவின் முதுகைப் பார்த்தபடியே ஓடி முடிக்கிறார். இந்த முறை அந்த முதுகைப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தார். நான்கு மாதம், விடிய நாலரைக்கு எழும்பி, ஸ்காபறோவில் ஓடினால் நம்மவர் கண்ணில் பட்டுவிடுவோம் என்று மிசிசாகா வரை காரில் போய், அங்கே ஒரு பூங்காவின் மேட்டிலும் பள்ளத்திலும் மூச்சு வாங்க ஓடி, வேர்வை காயுமுன்னே "உடம்பு ஒண்டும் ஏலாமல் கிடக்கு" என்று கழகத்து வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டு வேலைக்குப் போனார். கடைசிப் பயிற்சியில், போட்டித் தூரமான எட்டுக் கிலோமீற்றருக்கு நாற்பத்தொரு நிமிடம். அன்புராசா தன் வாழ்நாளில் நாற்பத்துநாலுக்குக் கீழே வந்ததில்லை.

போட்டி வாரம் வந்தது. திங்கட்கிழமை வலது முழங்கால் "லேசா இழுக்குது". புதன்கிழமை "வீங்கிப்போச்சு". வெள்ளிக்கிழமை ஐஸ் கட்டி வைத்த முழங்காலின் படமே வந்தது. படம் எடுத்தவர் மனைவி குணவதி.

"உதென்ன கூத்து? நல்ல காலுக்கு ஏன் ஐஸ்?"

"உமக்கு ஓட்டத்தைப் பற்றி என்ன தெரியும்? சும்மா எடும்."

குழுவில் எல்லோரும் கும்பிடுகிற கைகளைப் போட்டார்கள். அன்புராசா தன் பங்குக்கு, "எனக்கும் நாரி பிடிச்சுப்போச்சு அண்ணை, மெல்லமாத்தான் ஓடுவன்" என்று இடுப்பைச் சாட்டி எழுதினார். பழகியவர்களுக்கு இதெல்லாம் வணக்கம் சொல்கிற மாதிரி. யாரும் நம்புவதில்லை, நம்பச் சொல்லி யாரும் கேட்பதுமில்லை.

ஆனால் இந்த வருடம் கழகத்துக்குப் புதுத் தலைவி. பெயர் தேனுகா. இங்கேயே பிறந்தவள், பிசியோ படித்தவள். வாசித்ததை அப்படியே நம்புகிற நல்ல பிள்ளை.

ஞாயிறு காலை, ரூஜ் ஆற்றங்கரைக் காட்டில் மைனஸ் பதினொன்று. தொடக்கக் கோடு ஆஸ்பத்திரி வரிசை போல இருந்தது. ஒருவருக்கு இருமல், ஒருவருக்கு நித்திரையில்லை, இன்னொருவர் முதல்நாள் பிறந்தநாள் வீட்டுக் கொத்துரொட்டியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்ரீஸ்கந்தராசா முறைப்படி நொண்டிக்கொண்டு போய்த் தன் நம்பரைக் கேட்டார்.

"அங்கிள், ஐ ஆம் ஸோ சொறி," என்றாள் தேனுகா. "உங்கட மெசேஜ் எல்லாம் வாசிச்சனான். இந்தக் காலோட ஓடினா பேமனன்ற் டமேஜ் வரும். உங்கட இடத்தை மரியோவுக்குக் குடுத்திட்டன். உங்களுக்கு ஓகே தானே? இல்லாட்டிச் சொல்லுங்கோ, இப்பவும் மாத்தலாம்."

காத்திருப்போர் பட்டியலில் நின்ற இத்தாலியரான மரியோ, அவர் தோளில் அன்பாகத் தட்டினார்.

என்ன சொல்வது? "பிள்ளை, நான் சும்மா சொன்னனான்" என்றால் போதும், ஓடலாம். ஆனால் சுற்றிவர இருபது பேர் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் அன்புராசா. வெள்ளிக்கிழமைப் படத்துக்கு என்ன விளக்கம் சொல்வது? மிசிசாகாவின் மேடெல்லாம் ஏறிய மனிதருக்கு இது ஏற முடியாத மேடாக இருந்தது.

"ஓம் பிள்ளை," என்றார். "நானும் அதைத்தான் யோசிச்சனான்."

செம்மஞ்சள் அங்கி ஒன்றை மாட்டி, கையில் கொடியும் கொடுத்து, வழி காட்டச் சொல்லி ஒரு வளைவில் நிறுத்தினார்கள். ஒரு மணி நேரம். குளிர் தாங்காமல் இரண்டு காலாலும் துள்ளினார். தேனுகா வருவதைக் கண்டதும் அவசரமாக நொண்டினார். இடது கால்.

"ஐயோ அங்கிள், மற்றக் காலும் போட்டுதா?"

அன்புராசா நாரியை மறந்து பறந்து போனார். மூன்றாம் இடம், பதக்கம். நேரம் நாற்பத்துநாலு நிமிடம் இருபது செக்கன். அதைக் கேட்டதும் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு அழுகை வந்தது, உண்மையாகவே வந்தது. அந்தக் குளிரில் எல்லோருக்கும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தபடியால் அதற்கு மட்டும் சாட்டுத் தேவைப்படவில்லை.

பதக்கத்தோடு அன்புராசா வந்தார். "அண்ணை, நீங்கள் ஓடியிருந்தா உது எனக்குக் கிடைச்சிராது."

மரியாதைக்குச் சொன்னதுதான். ஆனால் அன்று அந்தக் காட்டில் யாராவது சொன்ன ஒரே உண்மை அது. 'நான் நாற்பத்தொரு நிமிசத்தில ஓடினனான்' என்று சொல்ல வாயெடுத்தார். எந்தக் காலோடை என்று கேட்டால்? விழுங்கிக்கொண்டார். இனி அவர் சொல்கிற உண்மையும் சாட்டாகத்தான் கேட்கும்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் ஓடுகிறவரே இல்லை, உங்களுக்கென்ன? சோதனைக்குப் போகும்போது "ஒண்டும் படிக்கேல்லை" என்று ஊரெல்லாம் சொன்னது வேறு யாரோ. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்பது கறி வைத்து மேசையை நிரப்பிவிட்டு, "பெரிசா ஒண்டும் செய்யேல்லை, இருக்கிறதைச் சாப்பிடுங்கோ" என்று விருந்தாளிகளிடம் சொல்கிற நேரம், தேனுகா மாதிரி ஒரு பிள்ளை பக்கத்தில் நின்றுவிடக் கூடாது. அன்ரி பாவம் என்று பீற்சாவுக்குச் சொல்லிவிடும். மூடி திறக்காத இறைச்சிச் சட்டியைப் பார்த்தபடி நீங்களும் அதைத்தான் சாப்பிடுவீர்கள்.